வாசலில் தொங்கிய சக்கரம்

கல்யாணமான நாளிலிருந்து ஜெபஷீலாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். யாரையும் கேட்காமல் சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டும். தேனி பஜாரில் மாமனார் கட்டிய வீட்டில் மூன்று மருமகள்கள், ஒரே அடுப்படி. காலண்டரை இடம் மாற்றினாலும் மாமியார் கிருபாவதிக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். கிறிஸ்துமஸ் வந்தால் பரணிலிருந்து பிளாஸ்டிக் மரம் இறங்கும், எப்போதும் நிற்கிற மூலையிலேயே நிற்கும், புதுவருஷம் கழிந்ததும் மறுபடி பரண் ஏறும். ஒரு தடவை அந்த மரத்தில் ஒரு மணியைக் கிளை மாற்றி மாட்டியதற்கு ஈஸ்டர் வரைக்கும் அவள் பேச்சு வாங்கியிருக்கிறாள்.

அதனால்தான் கணவன் அஜய்குமார் போடியில் ஏலக்காய்க் கடை போட்டு, அங்கேயே வாடகைக்கு வீடும் பார்த்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வீடுதான். மழை பெய்தால் பின்கட்டு ஒழுகும். இருந்தால் என்ன, வந்து இறங்கிய அன்றே ஆளுயரத்தில் ஒரு ஆணி அடித்தாள். அதில் மாட்ட ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மாமியார் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மலைக்காற்று ஆகாது என்று தலையிலிருந்து கால்வரை கம்பளியைப் போர்த்தியிருந்தாள். முழங்கால் வலி வேறு. மகன் ஒருபக்கமும் மருமகள் ஒருபக்கமும் தாங்கித்தான் உள்ளே கூட்டிப்போனார்கள். கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்குமுன்னே வந்த காரியத்தைச் சொல்லிவிட்டாள்.

"ஏலே அஜய், கடை இங்கன இருக்கட்டும். தேனிக்கும் போடிக்கும் பஸ்ஸா இல்ல? குடித்தனத்தைக் காலி பண்ணிட்டு வீட்டுக்கு வந்துருங்க. அவசரம் ஆத்திரம்னா இந்தத் தெருவுல உங்களுக்கு யாரு இருக்கா?"

அஜய்குமார் அம்மா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழக்கமில்லாதவன். மெதுவாகப் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். ஜெபஷீலாவுக்குச் சுருக்கென்றது.

"தெருவே எங்களுக்கு இருக்கு அத்தை. கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு ஒரு வீடு விடாம சொல்லியாச்சு. எல்லாரும் வருவாக, பாருங்க."

"வரலைன்னா?"

"வரலைன்னா பொங்கலுக்குள்ள தேனிக்கே வந்துர்றோம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன செய்வது, வாயை விட்டாயிற்று. தன் வீட்டைத் தானே பந்தயத்தில் வைத்தாயிற்று.

தெருவுக்குத் தன் வீட்டைக் காட்டியே தீர வேண்டும் என்று மறுநாள் விடிந்ததும் இறங்கினாள். கடையில் வாங்கிய ஜிகினாவும் பிளாஸ்டிக்கும் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது. பழைய சாமான், இல்லையென்றால் மண்ணிலும் மலையிலும் விளைந்தது. அதுதான் அவள் போட்ட சட்டம். முத்துக்கருப்பனின் பழைய இரும்புக் கடையில் சிம்னி மட்டும் உடையாத அரிக்கேன் விளக்கு ஒன்றும், ஈயம் போன பித்தளைத் தண்ணீர்க் கூசாவும், மிட்டாய்க் கடைக் கண்ணாடி ஜாடிகளும் கிடைத்தன. சவுக்குக் கிளை ஒன்று கிறிஸ்துமஸ் மரமாக மணல் வாளியில் நின்றது. மெத்தைக் கடையிலிருந்து வந்த இலவம்பஞ்சு அதன்மேல் பனியாக இறங்கியது. ஏலக்காய்த் தோட்டத்துச் சருகு மாட்டுக் குடிலுக்குக் கூரையானது. குடிலுக்குள் பரப்ப வைக்கோல் வேண்டும் என்று எதிர்வீட்டு ஜக்கம்மாவிடம் கேட்டாள். ஊருக்கு வெளியே நிலமும் வீட்டில் இரண்டு எருமையும் வைத்திருக்கிற ஜக்கம்மா ஒரு கைப்பிடி கேட்டதற்கு ஒரு கட்டே தூக்கி வந்து போட்டாள்.

"உங்க சாமி மாட்டுக் கொட்டத்துலதான் பொறந்தாரா? நல்ல சாமிதான். தளரப் போடு ஆத்தா, புள்ளைக்குக் குத்தப் போகுது!" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

கட்டிலில் இருந்தபடியே கிருபாவதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்டுக்கு வந்தேனா, பழைய இரும்புக் கடைக்கு வந்தேனான்னு தெரியல" என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் அரிக்கேன் விளக்கு வெயில் பட்டு மினுங்கியபோது ஓரக்கண்ணால் இரண்டு தடவை பார்த்ததை ஜெபஷீலாவும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள்.

கடைசியாக வாசல் கதவு. செல்போனில் வெளிநாட்டு வீடுகளைப் பார்த்திருந்தாள். கதவு தவறாமல் பச்சை இலையில் வட்டமாக ஒரு வளையம், நடுநடுவே சிவப்புக் காய்கள். அந்த இலைக்கும் காய்க்கும் போடியில் எங்கே போவது? தெரிந்தவர் தோப்பில் மலைவேம்பு கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கியது. அஜய்குமாரை ஏறவிட்டு ஒரு கட்டு வெட்டி வந்தாள். இரும்புக் கடையில் கிடைத்த பழைய சைக்கிள் சக்கரத்தில் கம்பி தெரியாமல் இலையைச் செருகி, காய்களுக்குச் சிவப்புச் சாயம் தொட்டு வைத்தாள். ரிப்பனுக்குப் பதிலாக ஜவுளிக்கடை மஞ்சள் பையைக் கிழித்து அழகாக முடிச்சுப் போட்டாள். சக்கரம் கதவில் ஏறியதும் தெருவில் இறங்கி நின்று பார்த்தாள். அவளுக்கே கண் நிறைந்துபோயிற்று. அந்த வருஷம் போடியில் அதைவிட அழகான கதவு இல்லை என்று அவள் அடித்துச் சொல்வாள்.

மறுநாள் காலையிலிருந்துதான் தெரு ஒரு மாதிரியாக மாறியது.

தினமும் வாசல் தெளிக்கும்போது எதிர்வாசலிலிருந்து குரல் கொடுக்கிற ஜக்கம்மா, குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனாள். பால்காரர் பாக்கெட்டைக் காம்பவுண்டுச் சுவரிலேயே வைத்துவிட்டு நகர்ந்தார். மரம் பார்க்க ஓடிவந்த பிள்ளைகளை அவரவர் தாய்மார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மத்தியானம் கேட்டில் யாரோ ஒரு குலை இளநீரைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜெபஷீலா அதைக் கிறிஸ்துமஸ் பரிசு என்று எடுத்துக்கொண்டு, "பாத்தீகளா அத்தை!" என்று மாமியாரிடம் பெருமையாகக் காட்டினாள். மறுநாள் ஒரு தூக்குவாளியில் கம்பங்கூழ் வந்து உட்கார்ந்திருந்தது. பரிசாகக் கூழ் கொடுப்பார்களா என்று அவளுக்கே லேசாக இடித்தது.

அன்றைக்கு முறுக்குச் சுட்டாள். எண்ணெய்ச் சட்டி காய்ந்து தெருவெல்லாம் மணந்தது. முதல் ஈட்டை ஒரு தட்டில் எடுத்து, பக்கத்து வீட்டுத் தேவயானிக்குச் சுவர் மேலாக நீட்டினாள். வழக்கமாக வாணலிச் சத்தம் கேட்டாலே சுவருக்கு வந்துவிடுகிறவள் அவள். இப்போது இரண்டு எட்டு பின்னால் போய், வாயில் கையை வைத்துக்கொண்டு, "வேண்டாம்க்கா" என்றாள். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. திரும்பி நடந்தாள்.

சாயங்காலம் அஜய்குமார் வந்து, தேவயானியின் புருஷன் விஜயபாண்டி ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்து, "தைரியமா இருங்கண்ணே, எல்லாம் சரியாயிரும்" என்று சொன்னதாகச் சொன்னான். "ஏலக்காய் விலை இறங்குனது இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று அவன் ஆச்சரியப்பட்டான். ஜெபஷீலாவுக்கு ஆச்சரியப்படத் தெம்பில்லை. கை நீட்டிக் கொடுத்த தட்டு அப்படியே திரும்பி வந்ததுதான் மனசில் நின்றது. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? வைக்கோல் கொடுத்துச் சிரித்தவள் முகம் திருப்புகிறாள் என்றால், வேதக்காரரான கிறிஸ்தவர் வீட்டுச் சாப்பாடு வேண்டாம் என்று தெரு கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு மூச்சு அழுதாள்.

கிறிஸ்துமஸ் அன்று இருட்டோடு இருட்டாக ஆராதனைக்குக் கிளம்பினார்கள். கிருபாவதியைக் கம்பளி சுற்றி, ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். திரும்பி வந்ததும் ஜெபஷீலா வீம்புக்குச் சமையலில் இறங்கினாள். தெருவுக்கே காணும்படி பிரியாணி இறங்கியது. வாழையிலை நறுக்கியாயிற்று. பாயும் விரித்தாயிற்று. வெயில் உச்சிக்கு ஏறியது. ஒரு குஞ்சு குளுவான்கூட எட்டிப் பார்க்கவில்லை.

மாமியார் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பிரியாணி ஆறுது" என்றாள், அவ்வளவுதான். ஜெபஷீலாவுக்குத் தேனி அடுப்படியும் பரணும் கண்முன் வந்து நின்றன. முந்தானையை இழுத்துச் செருகினாள், செருப்புக்கூடப் போடாமல் தெருவைக் கடந்து, ஜக்கம்மா வீட்டுப் படியில் காலை வைத்தாள்.

"ஆத்தா, நில்லு! அங்கனயே நில்லு, உள்ள வராத!" ஜக்கம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏன்க்கா வரக் கூடாது? வேதக்காரி கால் பட்டா உங்க படி தீட்டாயிருமா? சாப்பிட வரலைன்னா வரலைன்னு சொல்லியிருக்கலாம்ல. இப்படித் தெருவே சேந்து ஒதுக்கி வைக்கிற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்?"

ஜக்கம்மா குரலைத் தாழ்த்தி, "என்ன புள்ள பேசுற? கேக்கக் கூடாதுன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருக்கோம், நீயே கேக்க வச்சுட்ட. உங்க மாமியாருக்கு இப்ப எப்படி இருக்கு? விடியக்காலையில ஆட்டோவுல தூக்கிட்டுப் போனீகளே, பாத்ததுலருந்து எனக்குச் சோறே இறங்கல" என்றாள்.

"சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனோம். அத்தைக்கு என்ன?"

"அம்மை போட்டவுகளையா சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனீக?"

"அம்மையா! யாருக்கு அம்மை?"

ஜக்கம்மா எதிர்வாசலைப் பார்த்துக் கையை நீட்டினாள். ஜெபஷீலா திரும்பிப் பார்த்தாள். தெருவுக்கு இந்தப் பக்கமிருந்து, ஜக்கம்மாவின் படியில் நின்று, தன் வாசலை அப்போதுதான் பார்த்தாள். கதவு நிறைய வேப்பிலை. ஊடே குங்குமப் பொட்டுகள். கீழே மஞ்சள் துணி முடிந்து தொங்குகிறது. அம்மை கண்ட வீட்டில் ஒரு கொத்து வேப்பிலை செருகுவார்கள். இவள் வண்டிச் சக்கரம் அகலத்துக்குக் கட்டி வைத்திருக்கிறாள். கேட்டுக்கு வந்த இளநீரும் கூழும் பரிசில்லை, அம்மை கண்டவருக்குச் சூடு தணிய வந்தவை. கம்பளி போர்த்திய பெரியம்மா வந்து இறங்கிய மறுநாளே கட்டியிருக்கிறாள்.

"அய்யோ அக்கா! அது மலைவேம்பு! கிறிஸ்துமஸுக்கு அலங்காரம்!"

ஜக்கம்மா நம்பவில்லை. விறுவிறு என்று தெருவைக் கடந்து போய் ஒரு இலையைப் பறித்துக் கசக்கி மோந்தாள், காயை நகத்தால் கீறினாள். அப்புறம் கதவில் சாய்ந்து சிரித்தாள் பாருங்கள், தெரு முழுக்க ஆள் கூடிவிட்டது. "பொறந்ததுலருந்து காட்டுல கெடக்கேன், வேப்பிலைக்கும் மலைவேம்புக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சே! பக்கத்துல வந்து பாத்தால்ல தெரியும்? அம்மை வீட்டு வாசல்ல யாரு வந்து நிப்பா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தேவயானி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க முறுக்குச் சுட்டப்ப எனக்கு உசிரே போயிருச்சுக்கா. அம்மை வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்கலாமா? சொன்னாலும் தப்பு, சொல்லாட்டியும் தப்பு. அதான் நாங்க வைக்காம இருந்தோம். இந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் கடுகு பொரிஞ்சு நாளாச்சு. தாளிக்காத ரசமும் மோரும்தான். எங்க வீட்டுக்காரரு கறி கறின்னு பறந்தாரு, பெரியம்மா எந்திரிக்கட்டும்னுட்டேன்."

"நீ எண்ணெய்ச் சட்டி வச்ச ஒவ்வொரு நாளும் நான் மாரியாத்தாளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனேன்" என்றாள் ஜக்கம்மா. "வேதக்காரப் புள்ள, அதுக்குத் தெரியாது, நீ மனசுல வச்சுக்காத தாயேன்னு."

ஜெபஷீலா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று அவள் குளியலறையில் அழுதுகொண்டிருந்த நேரத்தில், இந்தத் தெரு அவள் வீட்டுக்காக வாயைக் கட்டிக் கிடந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஜக்கம்மாவின் கையைப் பிடித்தவள் விடவில்லை.

உள்ளேயிருந்து யாரும் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கிருபாவதி வாசலுக்கு வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எனக்காகவா கடுகு தாளிக்காம இருந்தீக?" என்று கேட்டாள்.

"ஆமாங்க பெரியம்மா."

"தேனியில எனக்குக் காலு ஆபரேஷன் பண்ணி மாசக்கணக்கா படுத்துக் கெடந்தேன். பக்கத்து வீட்டுல மூணு வேளையும் மீன் வறுத்தாக" என்றாள் கிருபாவதி. அவள் உதடு லேசாகக் கோணியது. அடுத்த நொடியே பழைய குரல் வந்துவிட்டது. "என்ன எல்லாரும் நின்னு பாத்துக்கிட்டு? வாயைக் கட்டுனதெல்லாம் போதும். உள்ள வந்து உக்காருங்க. ஏலே அஜய், இலையைப் போடு!"

அப்படி ஒரு சாப்பாட்டை அந்த வீடு பார்த்ததில்லை. பிரியாணியை விஜயபாண்டி மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கினான். பிள்ளைகள் இலவம்பஞ்சைப் பிய்த்து ஒருத்தர் தலையில் ஒருத்தர் போட்டுக்கொண்டன. முழங்கால் வலியையும் மறந்து கிருபாவதியே ஜக்கம்மாவின் இலையில் முட்டை வைத்தாள். ஜெபஷீலா அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்தாள். பந்தயத்தில் ஜெயித்துவிட்டாள். இனி இந்தச் சுவரில் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடிக்கலாம்.

பந்தி முடிந்து தெரு கலைந்ததும் கிருபாவதி மகனைக் கூப்பிட்டாள். "ஏலே, தேனிக்குப் போன் போடு. என் துணிமணியும் மருந்து டப்பாவும் கொடுத்துவிடச் சொல்லு."

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னா? அந்த மீன் வறுக்கிறவுக பக்கத்துல போயி நான் ஏன் கெடக்கணும்? இங்கன எனக்குத் தெருவே இருக்கு."

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஜெபஷீலாவின் கை அப்படியே நின்றது. அஜய்குமார் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இருங்க அத்தை, எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. ஆனா ஒண்ணு, இது என் வீடு. ஆணி நான்தான் அடிப்பேன்."

"அடி, யாரு வேண்டாம்னா?" என்றாள் கிருபாவதி. "என் கட்டிலுக்கு மேல ஒண்ணு அடி. கம்பளி மாட்டணும்."