ராஜாவுக்கு எதிரே நின்றவன்

பிர்ரியாஸ் ஒலிவ எண்ணெய் ஆட்டுகிறவன். ஏதென்ஸில் எங்கள் பாட்டுக்குழுவில் ஒன்பது வருஷம் என் பக்கத்தில் ஆடியவன். அந்த வருஷம் மதுக்கடவுள் தயோனிசஸ் திருவிழாவின் நாடகப் போட்டிக்குக் கவிஞர் டீமோன் அவனை வரிசையிலிருந்து இழுத்துத் தனியே நிறுத்தினார்.

"நான் ராஜா. கப்பலை எடுன்னு சொல்வேன். நீ மாலுமி. முடியாதுன்னு சொல்லணும்."

"பாட்டுக்குழுதானே அண்ணே உங்களுக்குப் பதில் சொல்லும்?"

"சொல்லும். ஆனா எதிர்த்துப் பேசாது. எனக்கு எதிர்க்க ஒருத்தன் வேணும்."

அதுவரை எங்கள் நாடகங்களில் முகமூடி போட்டுத் தனியே பேசியவர் டீமோன் ஒருவர்தான். பிர்ரியாஸுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. ஒத்திகையில் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், பின்வாங்கிப் பின்வாங்கி எங்களோடு வந்து ஒட்டிக்கொள்வான். செக்கடியிலும் உட்காரமாட்டான்; நடந்துகொண்டே முணுமுணுப்பான்.

"என்கிட்ட எதிர்த்துப் பேச மட்டும் வாய் எட்டு முழம் நீளுது. அங்க போனா ஒட்டிக்குதாக்கும்!" என்றாள் அவன் மனைவி மீர்தோ, என் எதிரிலேயே.

திருவிழா அன்று மலைச்சரிவு முழுக்க ஜனம். பாதிப் பேர் போர்க்கப்பலில் துடுப்புப் போட்டவர்கள்.

"கப்பலை எடு!" என்று முழங்கினார் டீமோன்.

பிர்ரியாஸ் முன்னே போனான். வரி மறந்துவிட்டது. குழல்காரன் இழுத்த சுரத்தையே இழுத்தான். டீமோன் மறுபடி முழங்கினார். அப்போது முகமூடிக்குள்ளிருந்து, சந்தமும் இல்லாமல் ராகமும் இல்லாமல், பிர்ரியாஸின் வீட்டுக் குரல் வெடித்தது.

"கடலைப் பாத்தியா நீ? நாங்க செத்தா அழப்போறது உன் பொண்டாட்டியா?"

குழல் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. மேலே ஒரு கிழவர் எழுந்து கத்தினார்: "பதில் சொல்லுய்யா ராஜா!"

டீமோன் அதற்குப் பதில் எழுதி வைத்திருக்கவில்லை. கையிலிருந்த கோலைத் தரையில் ஊன்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா திரும்பிப் போக எனக்கு ஊர் இல்ல."

அதற்கப்புறம் இருவரும் என்னென்னவோ பேசினார்கள். நாங்கள் பாட மறந்து நின்றோம்.

சந்தம் கெட்டுவிட்டதென்று நடுவர்கள் பரிசைத் தரவில்லை. ஆடுகளத்துக்குப் பின்னாலிருந்த கூடாரத்துக்குள் டீமோன் முகமூடியைக் கழற்றி எறிந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தோம்.

"பாவி! என்ன சொன்ன அங்க? திரும்பச் சொல்லு, எழுதிக்கறேன்."

"ஞாபகமில்லண்ணே," என்றான் பிர்ரியாஸ். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. "ஆனா ராஜா சொன்னது தப்பு. அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல."

அடுத்த வருஷம் அவனுக்கும் சரிபாதி வரிகள் எழுதினார் டீமோன். கடைசி வார்த்தை யாருக்கு என்பதில்தான் இருவருக்கும் சண்டை. இன்னும் ஓயவில்லை.