நான்கு மணி நேரக் கயிறு

விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைமையகத்தை மாற்றுவதற்காகக் கமிஷனர் பிரஸ்டன் லாக்ரிட்ஜ் திரையில் காட்டிய ஐந்து ஊர்களில் ஆல்டன் இல்லை. வெல்டா கூபிச்செக் கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். அப்போதும் இல்லை. கூட்டம் நடந்துகொண்டிருந்ததோ ஆல்டனில், டயர் கடைக்கு மேல் மாடியில். கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் கமிஷனரின் காப்பி லேசாக நடுங்கியது.

நெப்ராஸ்கா, கான்சஸ் சமவெளியில் சிதறிக் கிடக்கும் பன்னிரண்டு சிறு கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்புக்கு இந்த மாடிதான் ஐம்பத்தொரு வருடமாகத் தலைமையகம். அதில் இருபத்தாறு வருடம் வெல்டாவுடையது. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர், பனி கொட்டினால் எந்தப் பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவள் தொலைபேசியில் முடிவாகும். தலைமையகம் இருக்கும் ஊரில்தான் மார்ச் மாதக் கூடைப்பந்து இறுதிப் போட்டிகள் நடக்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்று நாளும் பன்னிரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் ஆல்டன் உயர்நிலைப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் மிளகாய் பீன்ஸ் குழம்பும் அதற்குத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டியும் சாப்பிடுவார்கள். இந்த ஜோடியைப் பார்த்து முகம் சுளிப்பவன் வெளியூர்க்காரன் என்று தெரிந்துகொள்ளலாம். லாக்ரிட்ஜ் வந்த முதல் வருடமே சுளித்தார்.

"நம்ம ஊர் எங்க?" என்றாள் வெல்டா.

"விண்ணப்பிக்கலையே."

"குடியிருக்கிற வீட்டுல குடியிருக்கவும் விண்ணப்பம் போடணுமா?"

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல, வெல்டா. ஆலோசகர் ஒவ்வொரு ஊருக்கும் மார்க் போடுவார். விமான நிலையத்துக்கு மட்டுமே நாப்பது மார்க்."

ஆலோசகர் அடக்கத்தோடு தலையசைத்தார். பன்னிரண்டு கல்லூரிகளில் ஒன்றுகூட விமானம் ஏறி ஆடப் போனதாகச் சரித்திரம் இல்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பெருநகரங்களைப் பற்றி நூற்றுப் பதினாறு பக்கம் எழுதியவரிடம் பஸ்ஸைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கூச்சப்பட்டிருப்பார்கள்.

"கடைசி நாள் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணி. ஆனா நீங்க ஊழியர். நீங்க போடக் கூடாது."

"மேயர் போடலாமில்ல?"

ஆல்டன் மேயர் ஆரின் ஸ்டிராட் தொழிலால் மாட்டு வைத்தியர். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவரைத் தேடிப் போனபோது, ஒரு கொட்டிலில், தோள் வரை கையை ஒரு பசுவுக்குள் விட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"கையெழுத்தா? இந்தக் கையாலயா?"

"அந்தக் கையாலதான். அஞ்சு மணிக்குள்ள போகணும்."

"ஜெயிப்போமா வெல்டா?"

"நாம தோத்தோம்னு யாராவது எழுதட்டும். நாம வரவேயில்லைன்னு எழுத விட மாட்டேன்."

கன்று வெளியே வந்தது. மேயர் வைக்கோலில் கையைத் துடைத்துக் கையெழுத்துப் போட்டார். விண்ணப்பத்தின் மற்ற கட்டங்களை வெல்டா முன்னரே நிரப்பியிருந்தாள். நேரடிச் சர்வதேச விமானங்கள்? 'வாத்துகள். வருடத்துக்கு இரண்டு முறை.' ஐந்து நட்சத்திர ஓட்டல்? 'இல்லை. பதினோரு அறை விடுதி ஒன்று. பெரும்பனியில் மூன்று அணிகள் தேவாலயக் கூடத்தில் படுத்தன. ஊரில் எல்லா வீட்டிலிருந்தும் கம்பளி வந்தது.' ஊரின் தனித்துவம் என்ன என்ற கேள்விக்கு, 'நடுவில் இருக்கிறது' என்று மட்டும் எழுதினாள்.

நவம்பரில், பெருநகரம் ஒன்றில் ஓர் ஓட்டலின் இருபத்திரண்டாம் மாடியில் பன்னிரண்டு கல்லூரித் தலைவர்களும் கூடினார்கள். ஊருக்குப் பத்து நிமிடம். ஒரு நகரம் முரசு முழங்கப் படம் காட்டியது. இன்னொன்று ஒவ்வொருவர் முன்னாலும் சாக்லேட்டில் செய்த கூடைப்பந்தை வைத்தது. மலையோர நகரம் ஒன்று 'எதிர்காலம்' என்ற சொல்லைப் பத்தொன்பது முறை சொன்னது. கடைசியாக ஆல்டனைக் கூப்பிட்டார்கள். கழுத்துப்பட்டை கட்டிய மேயர் எழுந்து, "எனக்குப் பேச வராது. இவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

லாக்ரிட்ஜ் பாதி எழுந்தார். "வெல்டா, நீங்க ஊழியர்."

"உக்காருங்க தம்பி. பத்து நிமிஷம் ஊருக்குக் குடுத்தது. அந்த ஊர்ல நானும்தான் இருக்கேன்."

"திங்கட்கிழமை இதைப் பத்தி நாம பேசணும்."

"பேசலாம். ஆபீஸ் எந்த ஊர்லன்னு சொல்லுங்க, வந்துடறேன்."

நீண்ட மேசையில் அவள் பெரிய சாலை வரைபடம் ஒன்றை விரித்தாள். பன்னிரண்டு கல்லூரிகள் மேலும் ஊசி குத்தி, ஒவ்வொரு ஊசியிலும் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. எல்லாக் கயிறும் ஒரே நீளம்.

"நாலு மணி நேர பஸ் ஓட்டம்," என்றாள். "நம்ம விதிப் புத்தகத்துல மூணாவது பக்கம். எந்தப் பிள்ளையும் ஆடிட்டு அன்னைக்கே திரும்பி, மறுநாள் எட்டு மணி வகுப்புல உக்காரணும். அந்த விதியை இன்னும் யாரும் அடிச்சு நீக்கலை. அவங்கவங்க கயித்தைப் பிடிச்சு, பிடிச்ச ஊருக்கு இழுத்துப் பாருங்க."

"பிரச்சினை பஸ் இல்லம்மா," என்றார் ஒரு தலைவர், குழந்தைக்கு மருந்து கொடுக்கும் குரலில். "நம்ம பிராண்ட்."

"அதுல எத்தனை பேர் உக்காரலாம்?"

யாரோ சிரித்தார்கள். முதலில் எழுந்தவர் லெனோர் ஹாஸ்கெட், மேற்கு மூலைக் கல்லூரியின் தலைவர். இந்தப் பெருநகரத்துக்காக ஆறு மாதமாக ஆதரவு திரட்டியவரும் அவர்தான். சும்மா ஒரு மரியாதைக்காகத்தான் கயிற்றை எடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். சற்று நேரத்தில் முனைவர் பட்டம் வாங்கிய பன்னிரண்டு பேர் மேசை மேல் கவிழ்ந்து ஒருவர் முழங்கை ஒருவர் மேல் இடிக்கக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மலையோர நகரத்தை இரண்டு கயிறு எட்டியது. இந்த ஓட்டல் இருந்த நகரத்தை ஐந்து. "வரைபடம் சுருங்கியிருக்கும்" என்றார் ஆலோசகர். யாரும் திரும்பவில்லை. ஆல்டனில் பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. சிலது இரண்டு சுற்றுச் சுற்றவும் மிச்சம் இருந்தது.

லாக்ரிட்ஜின் கைபேசி பத்து நிமிடம் முடிந்ததாக மணியடித்தது. "நன்றி. வாக்கெடுப்பு சாப்பாட்டுக்கு அப்புறம்," என்றார். தலைவர்கள் கயிறுகளைப் போட்டுவிட்டு, சாக்லேட் பந்துகளை எடுத்துக்கொண்டு, காப்பி இருந்த மூலைக்குப் போனார்கள். அவர்கள் முதுகைப் பார்த்து வெல்டாவால் எதையும் கணிக்க முடியவில்லை. இருபத்தாறு வருடத்தில் அந்த முதுகுகளை எப்போதுமே கணிக்க முடிந்ததில்லை.

தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்த ஓட்டல் பணிப்பெண் மேசையருகே நின்றாள். "அம்மா, இதை எடுத்துடலாமா? சாப்பாடு வைக்கணும்."

"எடுக்க வேண்டாம். இதைச் சுத்தித் தட்டு வைங்க."

பணிப்பெண் கமிஷனரைப் பார்த்தாள், வெல்டாவைப் பார்த்தாள், பிறகு கான்சஸின் ஓரத்தில் முதல் தட்டை வைத்தாள். மேசையின் மறுபுறம் லெனோர் ஹாஸ்கெட் மட்டும் நகராமல் நின்றார். அவர் கயிறு விறைத்து நடுங்கியது. அதன் நுனிக்கும் பெருநகரத்துக்கும் நடுவில் ஒரு சாண் வெறும் காகிதம். அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். மேற்கு மூலையில் ஊசி மெல்லச் சாயத் தொடங்கியிருந்தது. வெல்டா போய் அதன் தலையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டாள்.