கதவைத் திறக்காத ராசா

எங்கள் மண்டித் தெருவில் இறங்காத விலை கிடையாது. கடலை இறங்கும், கோணி இறங்கும், கல்யாண மண்டபத்து வாடகை இறங்கும். மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டு, பாதி சுற்றிவிட்டு மீதியை அடுத்த கார்த்திகைக்கு நிறுத்திவைத்தவர்கள்கூட எங்களில் உண்டு.

அப்படிப்பட்ட தெருவில் வருஷா வருஷம் மண்டி பூஜை அன்று முருகையன் வாத்தியாரின் ஜமா, அதாவது அவருடைய கூத்துக் குழு, ஒரே கூத்தைத்தான் ஆடியது. கதை எல்லோருக்கும் மனப்பாடம். வேஷம் போட்டு வந்த பகையாளிக்கு ஒருமுறை கோட்டைக் கதவைத் திறந்துவிட்டதால் ஊர் எரிந்துபோகிறது. அன்றைக்கு ராசா சத்தியம் செய்கிறார்: விளக்கு வைத்த பிறகு யார் வந்து தட்டினாலும், தன் ரத்தமே வந்து தட்டினாலும், விடியும்வரை கதவு திறக்காது. போருக்குப் போன ஒரே மகன் வெட்டுக்காயத்தோடு இருட்டில் திரும்பி வந்து தட்டுகிறான். சாவி ராசாவின் இடுப்பில் இருக்கிறது. அவர் திறப்பதில்லை.

எழுபத்தொன்பதில் விழாவுக்குத் தலைவராக வந்தவர் மண்டிக்கார அப்பாசாமி. தேதி குறிக்க வந்த வாத்தியாரை எதிரே உட்காரவைத்துச் சொன்னார்:

“வாத்தியாரே, காலம் மாறிப்போச்சு. பசங்க வேலூர்லருந்து லைட் மியூசிக் கூப்டலாம்னு ஒரே புடியா நிக்கறாங்க. இந்த வருசம் ஜனங்க சந்தோஷமா எழுந்து போனா அடுத்த வருசமும் நீ. இல்லன்னா என்னைக் கேக்காத.”

டவுனில் முருகையனின் ஜமா ஆடும் ஒரே மேடை இதுதான். மண்டிக்கு வரும் கிராமத்துக்காரர்கள் இங்கே பார்த்துவிட்டுத்தான் தங்கள் ஊர்த் திருவிழாவுக்கு அழைப்பார்கள். இது போனால் ஜமாவே கலைந்துவிடும்.

“இன்னா பண்ணணும், சொல்லுங்க.”

“நல்ல நாள்ல சாவு வேணாம். கதவைத் திறந்துடு.”

“அது எப்டிங்க? தொறந்தா கூத்தே இல்லியே.”

“சரி, உடனே வேணாம். நாலு பாட்டு தட்டட்டும், அப்புறம் தொற.”

“ஐயா…”

“உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், ரெண்டாவது பாட்டுல தொறந்துடு. முடிஞ்சுது.”

பேரத்தில் எதிராளி வாய் திறப்பதற்குள் தானே ஏறி தானே இறங்கி முடித்துவிடுவதில் அப்பாசாமியை மிஞ்ச ஆளில்லை. வாத்தியார் தலையாட்டிவிட்டுப் போனார்.

பூஜை அன்று சாயங்காலமே கூத்து தொடங்கியது. தெரு கொள்ளாத கூட்டம். எங்கள் கூத்தில் கோட்டைக் கதவு என்பது இரண்டு பேர் பிடித்து நிற்கும் சிவப்புத் திரைதான். மகன் தட்டும் சத்தத்தை மத்தளக்காரர் கொடுப்பார். சகாதேவன் மகன் வேஷத்தில் தள்ளாடி வந்து தட்டினான். இரண்டாவது பாட்டு முடிந்தது. ராசாவாக நின்ற முருகையன் சாவியை எடுத்தார். திரை இறங்கியது. அப்பனும் மகனும் கட்டிக்கொண்டார்கள்.

யாரும் கை தட்டவில்லை. முதலில் கேட்ட விலைக்கே கடைக்காரன் சரக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டால், வாங்குகிறவன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பானே, அந்த முகம் எல்லோருக்கும்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து மண்டிக்குக் கடலை உடைக்க வரும் பச்சையம்மாள் எழுந்தாள். “இன்னா வாத்தியாரே, அவ்ளோதானா?”

கட்டியக்காரன் வேஷத்தில் இருந்த அர்ஜுனன் முன்னால் வந்தான். கோமாளியும் அவன்தான், கூட்டத்துக்குப் பதில் சொல்வதும் அவன்தான். “பையன் பொழைச்சிட்டான் அத்தே. சந்தோஷமா வூட்டுக்குப் போ.”

“பையன் பொழைச்சான், ஊரு? பின்னாடியே பகையாளி பூந்தா யாருடா கேக்கறது?”

“ராசா கொஞ்சம் கம்மி பண்ணிக்கினாரு அத்தே. மண்டித் தெரு பாரு.”

அப்பாசாமியைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அவர் எழுந்து, “நல்ல நாளும் அதுவுமா சாவு எதுக்கும்மா?” என்றார்.

“நம்ம வூட்ல சாவு வுழுந்தா அழ எங்க மொதலாளி நேரம்? வந்தவங்களுக்கு சோறு ஆக்கணும், மாட்ட அவுத்துக் கட்டணும். இங்கதான் ஒக்காந்து அழ முடியுது. கட்டிப் புடிக்கறதைப் பாக்கணும்னா சினிமாக் கொட்டாய்க்குப் போயிருக்க மாட்டேனா?”

பெல்பாட்டம் போட்ட காலேஜ் பையன் ஒருவன், லைட் மியூசிக் கேட்ட கூட்டத்திலேயே முன்னால் நின்றவன், “அந்தம்மா சொல்றது கரெக்ட் சார். பழையபடியே ஆடச் சொல்லுங்க” என்றான்.

முருகையன் அப்பாசாமியைப் பார்த்தார். அப்பாசாமி கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, ‘ஆடு’ என்பதுபோல் கையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சகாதேவன் அதற்குள் முகத்தைப் பாதி துடைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். “திருப்பியும் சாவணுமா?” என்று கேட்டவனுக்கு அவசரமாகக் காயத்தைப் பூசி வெளியே தள்ளினார்கள். திரை ஏறியது. மத்தளம் தட்டியது.

முருகையன் அன்றைக்கு ஆடியதுபோல் நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வலது கை தானாக இடுப்புச் சாவிக்குப் போகும். இடது கை அந்தக் கையைப் பிடித்து இழுக்கும். கதவுப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. “கட்டியக்காரா, இன்னிக்கு ஊர்ல எத்தனை தொட்டில் ஆடுது?” என்று கேட்டார். அர்ஜுனன் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு தெருவுக்கும் மத்தளம் ஒரு பிடி இறங்கியது. கோமாளித் தொப்பிக்குக் கீழே அவன் குரலும் இறங்கியது.

“தொறந்துடேன்டா பாவி” என்றது ஒரு குரல். பச்சையம்மாள்தான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். “புள்ளடா அது, தொறந்துடு.” பெல்பாட்டம் பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். திறக்கக் கூடாது என்று சண்டை பிடித்தவர்களே இப்போது தெருவெல்லாம் கெஞ்சினார்கள். வாழ்நாள் முழுக்க எதையும் கெஞ்சியும் மிஞ்சியும் இறக்கியே பழகிய ஜனம், இறங்காத ஒன்றின் முன்னால் நின்றது. முருகையன் இறங்கவில்லை. மத்தளம் நின்றது.

கூத்து முடிந்ததும் அப்பாசாமி திரைக்குப் பின்னால் போனார், கண் சிவந்திருந்தது. நானும் கூடப் போனேன். வாத்தியார் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த வருசமும் நீதான். பசங்க கிட்ட நான் பேசிக்கறேன்.”

“சரிங்க.”

அப்பாசாமி போகாமல் நின்றார். துண்டைத் தோள் மாற்றினார். “ஏன் வாத்தியாரே, கதவைத் தொறக்க வேணாம். அந்தப் புள்ளைக்கு இடுக்கு வழியா ஒரு வாய் தண்ணி மட்டும் குடுத்தா இன்னா?”

“முடியாதுங்க.”

தெருவே பார்த்திராத காரியம் அது: அப்பாசாமி மறுபேச்சுப் பேசவில்லை. “ஆமாமா, முடியாதுதான்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.