பேஸ் டிரம்மில் ஒட்டிய படம்

பேண்டு வாத்தியப் போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது என் மனைவியின் படத்தை பேஸ் டிரம்மில் ஒட்டிவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்களாம்.

ஃபேக்டரியில் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு ஐயம்பேட்டை சர்ச் மைதானத்துக்கு வந்தேன். டிரம்மைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். குழுவில் இருந்த பதினாறு பேரும் சுற்றி நின்றார்கள். கேப்டன் யேசுதாஸ் அண்ணன் துணியை எடுத்தார். தோலின் நடுவில் ஜோதிகா.

எங்கள் கல்யாணப் போட்டோ. அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். ஸ்டிக்கர் போட்ட கடைக்காரன் அவள் முகத்தை நன்றாக வெளுத்திருந்தான். பக்கத்தில் நின்ற என்னை வெட்டி எடுத்துவிட்டான். அவள் தோளில் இருந்த என் நாலு விரலை மட்டும் மறந்துவிட்டான். கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. டிரம்மின் மறுபக்கத் தோலிலும் அதே படம், அதே விரல்கள்.

எப்படி இருக்கிறது என்று அண்ணன் கண் கலங்கக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். பதினாறு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறு எதைச் சொல்வது?

பேஸ் டிரம் நெஞ்சில் தொங்கும். இரண்டு பக்கமும் தோல். பஞ்சு வைத்த குச்சியால் தோலின் நடுவில் அடிக்க வேண்டும், அங்கேதான் சத்தம். எங்கள் குழுவின் பெயர் 'விடிவெள்ளி'. அந்தப் பெயரைக்கூட விளிம்பை ஒட்டி வளைவாகத்தான் எழுதியிருந்தோம். எல்லா பேண்டிலும் அப்படித்தான். நடுவில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. அது அடிக்கிற இடம். அண்ணன் முப்பது வருஷமாக டிரம் அடிக்கிறவர். கல்யாணம், சாவு, மாதா தேர் எல்லாவற்றுக்கும் அடித்தவர். அவருக்கும் தோன்றவில்லை. பதினாறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏழு வருஷம் அந்த டிரம்மை அடித்தது ஜோதிகாதான். போன மார்ச்சில் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். அதன் பிறகு அவள் தம்பி சந்தோஷ்குமார் பித்தளைத் தாளத்தை விட்டு பேஸுக்கு வந்தான். நன்றாகத்தான் அடித்தான், படம் ஒட்டும் வரைக்கும்.

அன்றைக்குப் பயிற்சி ஆரம்பித்த உடனே தெரிந்தது. அவன் ஓரத்தில் அடித்தான். முகத்தில் படாமல், தேதியில் படாமல், படத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம் தேடித் தேடி அடித்தான். தட்டையாக ஒரு ஓசை வந்தது, ஈரச் சாக்கைத் தடியால் தட்டியது போல. அணிவகுப்பில் பேஸை வைத்துத்தான் எல்லோரும் கால் வைப்பார்கள். பேஸ் கேட்கவில்லை என்றால் கடைசி வரிசை அரை அடி பின்தங்கும். பின்தங்கியது. அண்ணன் விசிலை ஊதி நிறுத்தி, தாளம் போடும் கிறிஸ்டோபரைத் திட்டினார். அவன் பாவம், ஒழுங்காகத்தான் போட்டான்.

பேஸ் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். அண்ணன் வந்து என் தோளில் கை வைத்தார்.

"எங்களுக்கும் அப்படித்தாம்பா இருக்குது. அவ அடிச்சது காதுலயே நிக்குது."

யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பத்து மாதமாக இதே கதைதான். நான் என்ன சொன்னாலும் அதில் துக்கத்தைத்தான் தேடுகிறார்கள். பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தேன், பரவாயில்லை என்றார்கள். நடையின் நடுவில் குச்சியைத் தவறவிட்டேன். முன்பு என்றால் அண்ணன் விசிலைக் கழற்றி எறிந்திருப்பார். அன்றைக்கு அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். பிரியாணியில் உப்பு அதிகம் என்று ஒரு கல்யாண வீட்டில் சொன்னேன். அதற்கும் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு வேண்டியது எட்டு நிமிஷம். போட்டியில் ஒரு குழுவுக்குக் கொடுக்கும் நேரம் அது. நான் அடிப்பது சைடு டிரம், இடுப்பில் தொங்கும் சின்னது. நாலு சைடு டிரம்களுக்கு நடுவில் நின்று அடிக்கும்போது, பேஸ் சரியாக விழுந்தால், மனதில் ஒன்றும் இருக்காது. வீடு இருக்காது, அவளுடைய பூட்டிய அலமாரி இருக்காது. இந்த வருஷத்தில் எனக்கு ஓய்வு என்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கெடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சந்தோஷைத் தனியாகக் கூப்பிட்டு நடுவில் அடிக்கச் சொன்னேன். அவன் குச்சியின் பஞ்சைப் பிய்த்துக்கொண்டே நின்றான்.

"நடுவுல அக்கா வாயி இருக்குது மாமா," என்றான்.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஸ்டிக்கரை எடுத்துவிடலாம் என்று நேராகவே சொன்னேன். காரணமும் சொன்னேன், தோல், நடு, சத்தம் எல்லாம். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு, அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, அதனால்தான் இப்படிப் பேசுகிறேன், அது தனக்குப் புரிகிறது என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. கடைசியாக இன்னொன்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் மாமியாருக்கு அதைக் காட்டிவிட்டார்களாம். அத்தை படத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாளாம். தன் ஊர் கூரத்தில் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாளாம், போட்டிக்குச் சொந்தக்காரர்களோடு வருகிறாளாம்.

"இனிமே அதை எப்படிப்பா எடுக்கறது? அந்தம்மா மூஞ்சிய யாரு பாக்கறது?"

அத்தையிடம் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. மரியம்மாள் என்ற பெயரைத் தவிர அவளிடம் சாதுவாக ஒன்றும் கிடையாது. ஆனால் பத்து மாதமாக அவளும் என்னிடம் "வாங்க மாப்ள, சாப்புடுங்க மாப்ள" என்று கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவது போலத்தான் பேசுகிறாள்.

போட்டி காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில். ஒன்பது குழுக்கள், நாங்கள் ஆறாவது. அத்தை முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூரத்து ஜனம் பத்துப் பேர். எங்களுக்கு முன்னால் அடித்த குழுவின் பேஸ் மைதானத்து மண்ணை அதிர வைத்தது. அதைக் கேட்டுக்கொண்டே வரிசையில் நின்றோம். ஜோதிகாவுக்காக அடிக்க வேண்டும் என்று அண்ணன் பேசினார். பிரவீனா என்கிற சைடு டிரம் பெண் அழ ஆரம்பித்தாள். சந்தோஷ் குச்சியைத் தோலின் விளிம்பில் வைத்துப் பார்த்தான். அவன் ஓரத்தில்தான் அடிக்கப் போகிறான் என்று பார்த்ததும் தெரிந்தது.

நான் என் டிரம்மைக் கழற்றினேன்.

"குடுடா," என்றேன்.

அவன் பேஸின் வாரைத் தலைக்கு மேல் தூக்கி என் கழுத்தில் மாட்டினான். என் டிரம்மை வாங்கிக்கொண்டான். அவன் முதலில் கற்றுக்கொண்டதே சைடு டிரம்தான், என் அடி எல்லாம் அவனுக்குத் தெரியும்.

அண்ணன் ஓடி வந்தார். வரிசையில் நின்ற பிறகு இதென்ன என்று ஆரம்பித்தார். பேஸ் நான் அடிக்கிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்தார், தோளில் கை வைத்தார், போய்விட்டார். அந்த இரக்கம் அன்றைக்கு ஒரு நாள் உபயோகப்பட்டது.

விசில் அடித்தது. இடது கால் எடுத்து வைக்கும்போது வலது கையால் நடுவில் அடித்தேன். ஸ்டிக்கர் ஒட்டியதால் தோல் கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்து அடித்தேன். குனிந்து பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் எங்கே படுகிறது என்று தெரியும். முதல் பத்து அடியை எண்ணினேன். மூன்றாவது திருப்பத்தில் கடைசி வரிசை சரியாகக் கால் வைத்தது முதுகில் தெரிந்தது. அதற்கப்புறம் எண்ணவில்லை. எட்டு நிமிஷம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வெளியே வந்து டிரம்மை இறக்கினேன். வலது பக்கப் படத்தில் மூக்கிலிருந்து தாடை வரைக்கும் ஸ்டிக்கர் வெடித்திருந்தது.

நிமிர்ந்தால் அத்தை எதிரில் நின்றாள். மூச்சு வாங்கியது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"எப்படிப்பா உனக்குக் கை வந்துது?"

சுற்றி இருந்தவர்கள் விலகினார்கள். அண்ணன் குறுக்கே வந்து, அவனும் பாவம் என்று ஏதோ சொன்னார். அத்தை அவரைப் பார்க்கவே இல்லை.

"உன்னத்தான் கேக்கறேன். பொண்டாட்டி மூஞ்சியில அந்த அடி அடிக்கறியே, மாடா நீ?"

"அது அடிக்கிற இடம் அத்தை," என்றேன். "அங்க படத்த ஒட்டனது தப்பு. ஒரு வாரமா சொல்லிக்கினு இருக்கேன், ஒருத்தர் காதுலயும் ஏறலை. இவன் அடிக்க முடியாம ஓரத்துல தட்டிக்கினு இருந்தான். போட்டி முச்சூடும் அப்படியே தட்டச் சொல்றியா?"

அவளை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

அத்தை சந்தோஷைப் பார்த்தாள். அவன் தலை குனிந்தபடியே ஆமாம் என்றான். பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவர் டிரம்மைப் பார்த்தார், நடுவைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"முப்பது வருசம் அடிச்சியே யேசுதாசு," என்றாள் அத்தை. "நான்தான் படிக்காதவ. உனக்கு எங்க போச்சு புத்தி?"

அத்தை மண்ணில் உட்கார்ந்து டிரம்மை மடியில் சாய்த்துக்கொண்டாள். வெடித்த இடத்தில் நகத்தை விட்டு உரிக்க ஆரம்பித்தாள். நல்ல சாமான், லேசில் வரவில்லை. சின்னச் சின்னத் துண்டாக வந்தது. தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். கிறிஸ்டோபர் தன் வண்டியிலிருந்து துணியில் பெட்ரோல் நனைத்துக் கொண்டுவந்தான். தோல் கெட்டுவிடும் என்றான் சந்தோஷ். இது பிளாஸ்டிக் தோல்தான், ஒன்றும் ஆகாது என்றார் அண்ணன். அவரே துணியை வாங்கித் தேய்த்தார். கன்னம் வந்தது. புடவைக் கரை வந்தது. என் விரல்கள் பசையோடு அங்கேயே நின்றன.

மைக்கில் முடிவு சொல்ல ஆரம்பித்தார்கள். மூன்றாம் பரிசு விடிவெள்ளி என்றார்கள். கேப்டன் மேடைக்கு வரவும் என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அண்ணன் கையெல்லாம் பெட்ரோலும் பசையும். நீ போய் வாங்கிக்கொண்டு வா என்று என்னிடம் சொன்னார்.

நான் எழுந்தேன்.

"எங்க போற? பரிசு எங்க போய்டும்?" என்றாள் அத்தை. "மறுபக்கம் முழுசா அப்படியே இருக்குது. டிரம்மத் திருப்பிப் புடி."

உட்கார்ந்து பிடித்தேன்.