டொமிக்கு அவித்த பூசணிக்காய்

சில நாட்களாக டொமி நாய் வெளிக்குப் போகவில்லை. பனை வடலிக்குப் பின்னால் போய் முதுகை வளைத்து முக்கிப் பார்க்கும். ஒன்றும் வராமல் திரும்பி வந்து ஞானப்பிரகாசத்தாரின் காலடியில் படுத்துக்கொள்ளும். முள்ளிவாய்க்காலில் கடலைப் பார்த்த அந்த வீட்டில் இப்போது இவர்கள் இருவரும்தான். மனைவி புனிதம் காலமாகிவிட்டார். மகன் றஜித் பிரான்சில். குட்டியாகத் தூக்கி வந்து டொமியை வளர்த்தவன் அவன்தான்.

மிருக வைத்தியர் அருந்ததி நாயின் வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள், ஐயா?"

"நான் தின்னுறதுதான் பிள்ளை. வெள்ளைச் சோறும் மீனும். தலை, முள்ளெல்லாம் அவனுக்கு."

"அதுதான். முள்ளு உள்ளுக்கை இறுகிப்போய்க் கிடக்கு. நார்ச்சத்து துப்பரவா இல்லை. முள்ளை நிப்பாட்டிப்போட்டு, பூசணிக்காயை உப்புப் போடாமல் அவிச்சு மசிச்சு, ரெண்டு கரண்டி சோத்தோடை குடுங்கோ. தண்ணியும் வையுங்கோ. நார் தண்ணியைப் பிடிச்சு வைச்சு இளக்கிவிடும். கூட்டிக் குடுத்திடாதேங்கோ, பிறகு வயித்தாலை போகும்."

றஜித் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் போன் எடுத்துக் கதைப்பான். சுகமா, சுகம், பூசைக்குப் போனீங்களா, போனனான். அவ்வளவுதான் கதை. நாய்க்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டதும் தினமும் பின்னேரம் வீடியோவில் வரத் தொடங்கினான்.

"அப்பா, டொமி வெளிக்குப் போனவனோ?"

"இன்னும் இல்லை, தம்பி."

அதிலிருந்து கதை வேறெங்கெல்லாமோ போகும். கிழிந்த வலை, ஒழுகும் கூரை, அம்மாவின் கல்லறைக்கு வெள்ளை அடிப்பது. தகப்பனும் மகனும் இத்தனை வருடமாகத் தேடிக் கிடைக்காத பேச்சை நாயின் வயிறு தேடிக் கொடுத்துவிட்டது. ஞானப்பிரகாசத்தார் பின்னேரமானால் முகம் கழுவி, சேர்ட் போட்டு, கதிரையில் தண்ணீர்ச் செம்போடு போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். மகனின் குரல் வந்ததும் டொமியும் ஓடிவந்து போனுக்கு முன்னால் குந்தும்.

பூசணிக்காய் வேலை செய்தது. ஒரு காலை டொமி வடலிக்குப் பின்னாலிருந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. போய்ப் பார்த்த கிழவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அன்று பின்னேரம் மகன் கேட்டபோது வாய் தன்பாட்டில் சொன்னது:

"இன்னும் இல்லை, தம்பி."

அடுத்த நாளும் அதையேதான் சொன்னார்.

"அப்ப பூசணிக்காய் காணாது அப்பா. கூட்டிக் குடுங்கோ. இப்பவே குடுங்கோ, நான் பாக்கிறன்."

மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. கிடந்ததையெல்லாம் அள்ளி வைத்தார். டொமி கோப்பையை நக்கித் துடைத்தது. மகன் சிரித்தான்.

விடிந்து பார்த்தால் விறாந்தை முழுவதும் நாறிக் கிடந்தது. டொமி தானே குற்றம் செய்ததுபோல மூலையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வாயில்லாச் சீவனின் வயிற்றைக் கெடுத்தா மகனோடு கதைக்க வேண்டும்?

பின்னேரம் அவரே முந்திக்கொண்டார்.

"அவனுக்கு எல்லாம் சரி, தம்பி. முந்தாநாளே வெளிக்குப் போயிட்டான். நான்தான் உனக்குச் சொல்லேல்லை."

"ஏனப்பா?"

"மறந்துபோனன்."



"சரி அப்பா. இனிப் பயமில்லைத்தானே. இஞ்சை வேலை கூட. ஞாயிறு எடுக்கிறன்."

மறுநாள் டொமிக்கு அளவாக ரெண்டு கரண்டி பூசணிக்காய்தான். வயிறு சரியாகி, சோற்றையும் ஒழுங்காகத் தின்றது. பின்னேரமானதும் பழக்கதோசத்தில் கிழவர் முகம் கழுவி, சேர்ட் போட்டு, போனைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் டொமி வந்து போனுக்கு முன்னால் குந்தி, காதை நிமிர்த்திக்கொண்டு பார்த்தது.

"உனக்குச் சுகம் வந்திட்டுதடா. இனி அவன் ஒவ்வொரு நாளும் எடுக்கமாட்டான்."

டொமி அசையவில்லை. அவரும் போனை எடுத்து உள்ளே வைக்கவில்லை.