அஞ்சாவது செட்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியை அக்கம்மாள் முந்தானையால் மறுபடியும் துடைத்தாள். மாலை போட வருகிற ஒவ்வொருவரும் அதில்தான் கையை ஊன்றிக் குனிகிறார்கள். உள்ளே அவள் புருஷன் பேச்சிமுத்து, நகராட்சித் தலைவர், வாலிபால் சங்கத்துக்கும் தலைவர், கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக ஒரு பகல் முழுக்க வீட்டில் கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்தவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அழுது அழுது அவளுக்கு அலுத்துவிட்டது. இனி ஒன்றே ஒன்றுதான் வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரே மகள் சினேகா வந்து அப்பா முகத்தைப் பார்த்துவிட வேண்டும். சற்று முன்புதான் போனில் பேசியிருந்தாள். "பெரியகுளம் தாண்டிட்டோம்மா, எடுத்திராதீகம்மா."

கட்சியின் நகரச் செயலாளர் பாண்டியராஜன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"மதினி, மேலிடத்து ஆளுக மாலை போட்டுட்டாக. பொழுது சாயறதுக்குள்ள எடுத்திருவோம்."

"புள்ள வந்துக்கிட்டிருக்குய்யா."

"எம்புட்டு நேரம் வைக்க முடியும்? வீடியோ கால்ல காட்டிருவோம் மதினி. இப்ப எல்லா வீட்லயும் அப்படித்தான் பாக்குறாக."

அக்கம்மாளுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டி, கோடி போர்த்தி, ரதத்தில் ஏற்றும்வரை நேரத்தை இழுத்துப் பார்த்தாள். ஆனாலும் எல்லாம் மளமளவென்று முடிந்தன. கட்சிக்காரர்கள் நடத்துகிற காரியம் அல்லவா, எதிலும் தாமதமில்லை.

வாசலில் சங்கத்துப் பையன்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். சங்கத்து ஆள் யார் செத்தாலும், மைதானத்தில் வைத்து ஒரு செட் ஆடிவிட்டுத்தான் சுடுகாட்டுக்கு எடுப்பது. பேச்சிமுத்தே ஏற்படுத்திய வழக்கம். அவருக்கே அது கிடையாது, நேரமில்லை என்று பாண்டியராஜன் சொல்லிவிட்டார்.

அந்தப் பந்தை அவளுக்கு ஆகவே ஆகாது. தலைதீபாவளியன்று அவளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு கெங்குவார்பட்டிக்கு மேட்ச் ஆடப் போன மனுஷன். சினேகா பிறந்ததும் மைதானத்துக்கு ஆள் விட்டுச் சொன்னார்கள், ஆட்டம் முடிந்துதான் வந்தார். அதெல்லாம் நினைவுக்கு வந்தபோதுதான் அவளுக்கு வழியும் தெரிந்தது.

"ஏலே ஈஸ்வரபாண்டி, வண்டியத் தெடலுக்கு விடுங்கடா. ஆட்டம் ஆடாம எம்புருசன எடுக்க விடமாட்டேன்."

அணித் தலைவன் ஈஸ்வரபாண்டி நிமிர்ந்தான். "ஒரு செட்டு போதும்ல அத்தை?"

"தலைவருக்கு ஒரு செட்டா? முழு ஆட்டம் ஆடுங்க. அஞ்சு செட்டு."

பையன்கள் தெருவே அதிரக் கத்தினார்கள். பாண்டியராஜன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ரதத்துக்கு வழிவிட்டார். உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, அத்தனையும் ஓட்டு.

பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். அக்கம்மாள் நிற்கவில்லை. "பொம்பளை அங்கன வரலாமா?" என்றார் ஒருவர். "தெடல்தானே, சுடுகாடா?" என்றபடி ரதத்துக்குப் பின்னால் நடந்தாள். அவள் அந்த மைதானத்தைப் பார்ப்பதே முதல்முறை.

துக்கத்துக்கு வந்திருந்த சுருளிப்பட்டி அணி எதிரே இறங்கியது. சங்கத்துப் பையன்கள் நின்ற பக்கம், ஆடுகளத்தை ஒட்டி ரதம் நின்றது. முதல் செட்டை நம் பையன்கள் எடுத்தார்கள், அடுத்ததைச் சுருளிப்பட்டி. பந்து மேலே போகும்போதெல்லாம் அது அப்படியே கொஞ்சநேரம் நிற்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது. "இன்னும் இருக்காய்யா?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆளுக்கு இரண்டு செட் ஆகி, அஞ்சாவதும் உண்டு என்றதும் அவள் கும்பிட்டாள்.

கடைசி செட்டில் சுருளிப்பட்டிக்கு ஒரே ஒரு பாயின்ட்தான் தேவை. அவர்கள் கேப்டன் ஜாஸ்பர் சர்வீஸ் போடப் பந்தை எடுத்தான். ஈஸ்வரபாண்டி திரும்பி அக்கம்மாளைப் பார்த்தான். மகள் இன்னும் வரவில்லை என்று அவள் தலையசைத்தாள். அவன் எதிர்ப்பக்கம் போய் ஜாஸ்பர் காதில் என்னவோ சொல்லிவிட்டு வந்தான்.

ஜாஸ்பர் பந்தை நெட்டில் அடித்தான். சமமாகிவிட்டது, இனி யாராவது இரண்டு பாயின்ட் முந்தினால்தான் ஆட்டம் முடியும். ஈஸ்வரபாண்டியும் நெட்டில் அடித்தான். அடுத்து அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினான். மறுபடி நெட், மறுபடி வேலி. நடுவர் முதல் இரண்டு தவறுக்கு முறைத்தார், பிறகு சலிக்காமல் விசில் ஊதிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கும் புரிந்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை. பாண்டியராஜன் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். மலைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

எதிர்ப்பக்க வேலியோரம் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. சினேகா செருப்பில்லாமல் இறங்கி, சுற்றி வரத் தோன்றாமல், ஆடுகளத்துக்குள் நேராக ஓடி வந்தாள். ஈஸ்வரபாண்டி ஒரு பக்கமும் ஜாஸ்பர் ஒரு பக்கமும் நின்று, அவள் குனியாமல் வரட்டும் என்று நெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். அவள் கடந்து போன பிறகும் அவர்கள் அதைக் கீழே விடவில்லை.