சிவப்புக் கொடி நட்ட இடம்

ஏரிக்கரை உடைந்தால் கீழத்தெருவின் நாற்பது வீடும் போய்விடும். இது தனகோட்டிக்குத் தெரியும். மேலத்தெருக்காரர்களுக்கும் தெரியும், தெரிந்துதான் கடப்பாரையோடு வந்தார்கள்.

தனகோட்டி நெய்வேலி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஊரில் பேரிடர்க் குழுவின் தலைவி. ஒரு விசில், ஒரு மஞ்சள் சட்டை, இரண்டு நாள் பயிற்சி, பதவியோடு வந்த சீதனம் அவ்வளவுதான். போன மாத ஒத்திகையில், கரை எங்கே இளைத்திருக்கிறது என்று பார்த்து அவளே சிவப்புக் கொடி நட்டாள். மணல் மூட்டை முதலில் அங்கே போகவேண்டும் என்று இரண்டு தெருவையும் கூட்டி விளக்கினாள். வெள்ளந்தி. எங்கே குத்தினால் கரை சீக்கிரம் உடையும் என்று ஊருக்கே பாடம் எடுக்கிறோம் என்பது அன்று அவள் புத்திக்கு எட்டவில்லை.

மூன்று நாள் அடைமழை. தனகோட்டியும் குழுவின் நான்கு பேரும் கொடியடியில் மணல் மூட்டை அடுக்கிக் காவல் நின்றார்கள். ஏரி நிரம்பி மேலத்தெருவுக்குள் எதிரேறியது. மத்தியானம் ஒன்பது பேர் நேராகக் கொடிக்கு வந்தார்கள். முன்னால் அவள் அக்கா புருஷன் வேலுமணி.

“வழிய வுடு. தண்ணி ஏறிகினே இருக்கு.”

“வுட மாட்டேன் மாமா. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க.”

அவர் அவளைக் கன்னத்தில் அறைந்து தள்ளிவிட்டுக் கடப்பாரையை இறக்கினார். மூட்டைகள் கிழிந்தன, கையகலத்துக்குத் தண்ணீர் பீறிட்டது. குழுவின் நான்கு பேரும் பாய்ந்தார்கள். கல் பறந்தது. ஒருவனுக்குப் பல் போனது, இன்னொருவனுக்கு மண்டை உடைந்தது. தனகோட்டி மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, அக்கா புருஷன் என்றுகூடப் பார்க்காமல் முழங்கையில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது. அடுத்தவன் தோளில் ஒன்று விழுந்ததும் மற்றவர்கள் பின்வாங்கினார்கள்.

உடைப்பில் மூட்டையைத் திணித்து அதன்மேல் அவளே உட்கார்ந்தாள்.

வேலுமணி சேற்றில் கிடந்து அழுதார். “செவுரு வுழுந்து ஒங்கக்கா காலு மாட்டிகினு இருக்கு. நாங்க அத்தினி பேரும் தூக்கிப் பாத்தோம், அசையல. தண்ணி மார்மட்டத்துக்கு வந்துடுச்சி.”

“குழுவுல லாரி ஜாக்கியும் படகும் இருக்கே மாமா. வந்ததும் சொன்னா என்ன?”

“சொன்னா கரைய ஒடைக்க வுட்டிருப்பியா?”

அடித்தவர், அடிபட்டவர் எல்லோரையும் ஜாக்கியோடும் படகோடும் அக்காவிடம் துரத்தினாள் தனகோட்டி. அவள் எழுந்தால் மூட்டை நழுவும். “அக்கா, அக்கா” என்று வாய்விட்டு அழுதாள். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.